பெட்டிக்கேற்ற குழி

சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1984இல் எழுதிய ஓராள் நாடகம் ஒன்று இருக்கிறது. தாத்தாவை அடக்கம் செய்யப் போன பேரன் நம்மிடம் கதை சொல்கிறான். தாத்தாவின் சவப்பெட்டி பழங்காலத்துப் பணக்கார வீட்டுப் பெட்டி. கனத்த மரம், தூக்க ஒரு கூட்டமே வேண்டும். இடுகாட்டில் வெட்டியிருந்த குழியோ அரசாங்க அளவு. பெட்டி இறங்கவில்லை. பக்கத்து இடத்தையும் சேர்த்து வெட்டிவிடலாமே என்று கேட்டால், ஆளுக்கு ஒரு குழிதான், விதி அப்படி என்கிறார் அதிகாரி. உறவுக்கூட்டம் காத்து நிற்க, பேச்சு நீள்கிறது. கடைசியில் ஒரு விதிவிலக்கு பிறக்கிறது; மனிதநேயம் மிக்க அதிகாரி என்ற பெயரும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. பேரனுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. வரிசை வரிசையாக ஒரே அளவில் கிடக்கும் புதைகுழிகளுக்கு நடுவே, நாளைக்குத் தன் பேரப்பிள்ளைகள் தன்னை எதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று அவனுக்குக் கவலை.

அந்த நாடகம் எழுதிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1998இல், சிங்கப்பூர் அரசு புதைகுழிகளுக்குத் தவணை வைத்தது. 15 ஆண்டுகள். தவணை முடிந்தால் தோண்டியெடுத்து, அவரவர் மத வழக்கப்படி எரிப்பார்கள் அல்லது இன்னும் சிறிய குழியில் மறுபடி புதைப்பார்கள். நிலம் குறைந்த தீவு, வேறு வழி இருந்திருக்காது. அந்த நியாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இறந்தவர்களுக்கே குத்தகைக் காலம் குறித்துவைத்த ஊரில், அளவுக்கு அடங்காத பெட்டிகளுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்து, அதை முப்பது ஆண்டு தாக்குப்பிடிக்கவும் வைத்தார் அந்த நாடகாசிரியர் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த இடத்தின் பெயர் சப்ஸ்டேஷன்.

பெயர் வந்த கதை எளிது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 1926இல் கட்டப்பட்ட துணைமின் நிலையம் அது. மின்சார வேலை முடிந்த பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. எண்பதுகளின் நடுவில் குவோ அதைக் கலைகளுக்குத் தரும்படி அரசைக் கேட்டார். கேட்டு, அலைந்து, புதுப்பித்து, 1990 செப்டம்பர் 16 அன்று கதவைத் திறந்தார்கள். நூற்றுச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய கறுப்புச் சுவர் அரங்கு ஒன்று; பீர் நிறுவனம் பணம் கொடுத்ததால் அதற்குக் கின்னஸ் தியேட்டர் என்று பெயர். ஓர் ஓவியக் கூடம், ஒரு நடனப் பயிற்சி அறை, திறந்தவெளியாக ஒரு தோட்டம். அவ்வளவுதான் சொத்து. கலைகளுக்கு ஒரு வீடு என்றுதான் அதைச் சொல்லிக்கொண்டார்கள்.

வீடு கட்டியவரின் நிலை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குவோ 1939இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூர் வந்தவர். ரெடிஃபியூஷன் வானொலியில் நாடகக் குரல். பிறகு சிட்னியில் நாடகப் படிப்பு. 1965இல், மனைவி நடனக் கலைஞர் கோ லே குவானோடு சேர்ந்து ஒரு நிகழ்கலைப் பள்ளி. அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய சீன மொழி நாடகங்கள் தொழிலாளர் பக்கம், இடதுசாரிப் பக்கம் சாய்ந்தன. 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிப் பிடித்து வைத்தார்கள். நான்கரை ஆண்டுக்கும் மேல் உள்ளே. 1977இல் குடியுரிமையையும் பறித்தார்கள். சிறையில் அவர் மலாய் கற்றுக்கொண்டார். 1980இல் வெளியே வந்தவர், அதுவரை சீனத்தில் மட்டும் எழுதியவர், ஆங்கிலத்திலும் எழுதத் தொடங்கினார். சவப்பெட்டி நாடகம் இரண்டு மொழியிலும் உண்டு.

குடியுரிமை திரும்பக் கிடைத்தது 1992இல். அதாவது சப்ஸ்டேஷன் திறந்த நாளில் அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. ஆனால் நாட்டின் உயர்ந்த கலை விருதான கலாசாரப் பதக்கம் அதற்குள்ளேயே அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பதக்கம் கொடுத்த கையில் கடவுச்சீட்டு இல்லை! இதை வேறொருவர் நாடகமாக எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம். குவோ இதைப் பற்றிப் பெரிதாகப் புலம்பியதாகத் தெரியவில்லை. அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசி, விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தார்.

1990 என்ற ஆண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வடக்கே செம்பவாங் பக்கம், லோரோங் கம்பாஸ் என்ற இடத்தில் பழைய கோழிப்பண்ணை ஒன்றில் டாங் டா வூ 1988இல் தொடங்கிய ஓவியர் கிராமம் அந்த ஆண்டில்தான் நிலத்தை இழந்தது. பண்ணையை அரசு எடுத்துக்கொண்டது. மண்ணில் உட்கார்ந்து, மரத்தில் தொங்கி, உடம்பையே ஓவியமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு நகர நடுவில் போக்கிடம் தேவைப்பட்ட நேரம். திட்டமிட்ட பொருத்தம் அதில் ஒன்றுமில்லை. தேவை இருந்தது, கதவும் திறந்திருந்தது.

உள்ளே வந்தவர்கள் யார் என்று கேட்டால் வெறும் பட்டியலாகிவிடும். ஆனாலும் அந்தக் கலவையைச் சொல்லாமல் இடத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தோட்டத்தில் பங்க் இசைக் குழுக்களும் மெட்டல் குழுக்களும் காதைக் கிழித்தன. வாசித்தவர்களிலும் கேட்டவர்களிலும் மலாய் இளைஞர்கள் கணிசம். அவர்களை வேறு எந்த அரங்கும் படியேற்றியிருக்காது. பழைய பொருள் சந்தையும் அங்கேயே நடந்தது. அரங்கில், நாடகம் என்று சொல்லவே கூச்சப்படும்படியான முயற்சிகள் நடந்தன. பின்னாளில், யாரோ கடன் வாங்கி எடுத்த பத்து நிமிடப் படத்தைப் போட்டுக்காட்டி, எடுத்தவரையே முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கமும் வந்தது. சிங்கப்பூர்க் குறும்படம் என்று இன்று ஒன்று இருக்கிறதென்றால் அதில் அந்த வழக்கத்துக்குப் பங்குண்டு.

சுமாரான வெற்றியைவிட மதிப்புள்ள தோல்வி மேல் என்பது குவோவின் கொள்கை. அவர் பெயரை எடுத்தாலே சிங்கப்பூர் நாடகக்காரர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். மேற்கோளாகச் சொல்ல வசதியான கொள்கை. ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு நடத்திக் காட்டுவது எளிதில்லை. தோல்விக்கும் மின்கட்டணம் உண்டு. பார்வையாளர் இருபது பேர் வந்த மாலைக்கும் துப்புரவு ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். அங்கே அரங்கேறியவற்றில் பாதிக்கு மேல் மோசமாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஏக்கக் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை. எல்லா மாலையும் ஒளிமயமாக இருந்தது போலவே எழுதுகிறார்கள். எல்லாம் நன்றாக இருந்திருந்தால் அந்த இடம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

அளவு மீறுவதன் விலை 1994இல் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்கு முந்தைய நவம்பரில் தஞ்சோங் ரூவில் காவல்துறை மாறுவேடத்தில் போய்த் தன்பாலீர்ப்பு ஆண்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்திருந்தது. பிரம்படித் தண்டனையும் செய்தித்தாளில் பெயர்களும். அதை எதிர்த்து, புத்தாண்டுக்கு முந்தைய இரவில், பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் இருந்த ஃபிஃப்த் பாசேஜ் என்ற கலைக்கூடத்தில், ஜோசஃப் இங் என்ற இளைஞர் ஒரு நிகழ்த்துகலை செய்தார். செய்தி நறுக்குகளின் மேல் டோஃபுக் கட்டிகளை வைத்துப் பிரம்பால் அடித்தார். கடைசியில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி தன் உடல்முடியைச் சிறிது கத்தரித்தார். ஒரு நாளிதழ் படத்தோடு கொட்டை எழுத்தில் போட்டது. வழக்கு, அபராதம், கலைக்கூடத்தின் இட இழப்பு எல்லாம் வரிசையாக வந்தன. தேசியக் கலைகள் மன்றம் நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர்களே இடையில் புகுந்து கதையை மாற்றும் மன்ற நாடக வடிவத்துக்கும் நிதி தருவதை நிறுத்தியது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அந்த நிலை நீடித்தது.

தடை என்று யாரும் சொல்லவில்லை. பணம் இல்லை என்றுதான் சொன்னார்கள். இந்த நுணுக்கம் சிங்கப்பூருக்கே உரியது. உரிமம் வேண்டும், எழுத்துப் படியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண அலுவலக நடைமுறை. முன்கூட்டி எழுத முடியாத ஒன்றைச் செய்பவனுக்கு அதுவே சுவர். அந்தப் பத்தாண்டுகளில் ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் எத்தனை படிவங்களை எவ்வளவு நயமாக நிரப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கலை வரலாற்றில் படிவம் நிரப்பியவர்களுக்கு அத்தியாயம் கிடையாது. கிடைக்க வேண்டும்.

2002 செப்டம்பர் 10 அன்று குவோ இறந்தார். அடுத்த மாதம் எஸ்பிளனேட் திறந்தது: விரிகுடா ஓரத்தில், டுரியான் பழத்தோல் போன்ற கூரையோடு, ஏறத்தாழ 60 கோடி வெள்ளிச் செலவில், ஒவ்வொன்றிலும் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் இருக்கைகள் கொண்ட இரண்டு பேரரங்குகள். அதைக் குறைசொல்லப் போவதில்லை. அங்கே நல்ல நிகழ்ச்சிகள் நடக்கின்றன, தமிழ் நிகழ்ச்சிகளும்தான். ஆனால் ஓர் ஊரின் கலை இருப்பு எதை வைத்து அளக்கப்படும் என்பது அந்த மாதத்தோடு முடிவாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, சப்ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த செங்கல் நிற தேசிய நூலகத்தையும் மூடி இடித்தார்கள். 1960இல் திறந்த கட்டடம். ஃபோர்ட் கேனிங் குன்றுக்குக் கீழே சுரங்கச் சாலை போட இடம் வேண்டியிருந்தது. நூலகப் படிகளிலும் அதன் பக்கத்துக் கோப்பிக் கடையிலும் வளர்ந்த ஒரு தலைமுறை மனுக் கொடுத்துப் பார்த்தது. பலனில்லை. சுரங்கச் சாலையால் மிச்சமாகும் பயண நேரம் சில நிமிடங்கள்.

சப்ஸ்டேஷனும் மெல்லச் சுருங்கியது. வருமானத்துக்காகத் தோட்டத்தை இசை மதுக்கூடம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார்கள். இசை நின்றுவிடவில்லை, மேசையும் பீட்சாவும் விலைப்பட்டியலும் சேர்ந்துகொண்டன. தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமைதான் போய்விட்டது. வாடகைக் கணக்குத் தெரிந்தவன் அந்த முடிவைத் திட்ட மாட்டான். ஆனால் அந்த இடத்தை நேசித்தவர்கள் பலர், சரிவு அங்கே தொடங்கியதாகத்தான் சொல்கிறார்கள்.

2016இல் நடந்த சண்டை எனக்கு இன்னும் சுவாரசியமானது. புதிதாக வந்த கலை இயக்குநர் ஆலன் ஓய், இனிமேல் யாருக்கும் இடத்தை வாடகைக்கு விடப்போவதில்லை, ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் எடுத்துக்கொண்டு நாங்களே நிகழ்ச்சிகளை அமைக்கப்போகிறோம் என்றார். மலிவு வாடகைக்கு மண்டபம் விடுவது கலை மையத்தின் வேலையாகாது என்பது அவர் கட்சி. தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் கலைஞர்கள் கொதித்தெழுந்து பொதுக்கூட்டம் வரை போனது. அவர் திட்டத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டி வந்தது. அவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? அந்தக் கறுப்பு அரங்கைக் கொஞ்சம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு, யாருடைய ரசனைக்கும் பதில் சொல்லாமல் எதையாவது செய்து பார்க்கலாம் என்பதே அவர்களுக்கு வீடாகத் தெரிந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கும் கண் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும், தேர்வு என்று வந்துவிட்டால் அங்கே ஒரு குழியின் அளவு வந்துவிடுகிறது.

பிறகு 2021. கட்டடக் குத்தகை ஜூலையோடு முடிகிறது, இரண்டு ஆண்டு பழுதுபார்ப்பு, அதன்பின் திரும்பி வரலாம், ஆனால் பல குடியிருப்பாளர்களில் ஒருவராகத்தான் என்றது தேசியக் கலைகள் மன்றம். இப்போதிருக்கும் கலைக்குழுக்கள் பல, ஒரே கையில் ஒரு முழுக் கட்டடம் இருப்பது சரியில்லை என்ற வாதம். இதுவும் நியாயம்தான், ஆளுக்கு ஒரு குழி. அரங்கும் கூடமும் கையில் இல்லாமல் வருமானமும் இல்லை, அடையாளமும் இல்லை என்று சொல்லி, மார்ச் 2ஆம் தேதி நிர்வாகக் குழு நிரந்தர மூடலை அறிவித்தது. அதன் பிறகு, கட்டடம் இல்லாமலே பெயரைக் காப்பாற்றிச் செயல்படுவது என்று சிலர் முன்வந்தார்கள். பழைய முகப்பு பத்திரமாக இருக்கிறது. சுவரைக் காப்பதில் சிங்கப்பூருக்கு நிகர் சிலரே.

அறிவிப்பு வந்த வாரங்களில் பலரும் தங்கள் சப்ஸ்டேஷன் நினைவுகளை எழுதினார்கள். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாயிற்று: ஏறக்குறைய எல்லாமே முதல்முறைகள். முதல் நாடகம், முதல் கச்சேரி, முதன்முதலாகத் திரையிட்ட படம், முதன்முதலாகப் பொது இடத்தில் வாசித்த கவிதை, இப்படியெல்லாம் கலை இருக்குமா என்று முதன்முதலாக வியந்த மாலை. அங்கே உருவான மகத்தான படைப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லவில்லை. நிதி தருபவர் மேசையில் இது பலவீனமான வாதம். ஒருவன் அங்கே சொதப்பிவிட்டு, பத்தாண்டு கழித்து வேறெங்கோ நல்ல படம் எடுத்தால், வருமானம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும்?

தமிழ் வாசகருக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்கலாம். குவோவுக்குப் பிறகு, 1995 முதல் 2000 வரை, சப்ஸ்டேஷனை நடத்தியவர் தி. சசிதரன். தத்துவம் படித்தவர், மேடையில் நடித்தவர், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் நாடக விமர்சனம் எழுதியவர். நிதிமுடக்கத்தின் நடுப்பகுதி அவர் தலையில்தான் விழுந்தது. பின்னர் இருவருமாகச் சேர்ந்து தொடங்கிய நடிப்புப் பள்ளியில் ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஓப்பரா, ஜாவாவின் வாயாங் வோங், கேரளத்துக் கூடியாட்டம் ஆகிய நான்கு மரபுகளில் மாணவர்களைப் பழக்கினார்கள். சப்ஸ்டேஷன் மூடிய பிறகும் அந்தப் பள்ளி நடந்தது.

இன்னொரு பக்கம் இளங்கோவன். 1991இல் அக்னிக் கூத்து என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தில் அவரைப்போல் அளவுக்கு அடங்காத பெட்டி வேறில்லை. இந்திய முஸ்லிம் பெண் ஒருத்தியின் மணவாழ்க்கைக் கொடுமையைச் சொல்லும் 'தலாக்' தமிழில் மேடையேறியது. 2000இல் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் போட முயன்றபோது உரிமம் மறுக்கப்பட்டது. ஒத்திகைக்குப் போன குழுத்தலைவி எஸ். தேன்மொழி அரங்கை விட்டு வெளியேற மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். தமிழில் இருந்தவரை அது நம் வீட்டுச் சண்டை; மொழி மாறியதும் நாட்டுச் சிக்கல். சிறுமொழியில் எழுதுவதற்கு இப்படியும் ஒரு சுதந்திரம் உண்டு. அதை நினைத்துப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

குவோவின் நாடகங்களுக்குள்ளும் நாம் இருக்கிறோம். 1995இல் அவர் எழுதிய நாடகம் காயடிக்கப்பட்ட சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் வழித்தோன்றல்களைப் பற்றியது. அந்த செங் ஹேதான் இலங்கைக் காலியில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழியில் கல்வெட்டு வைத்தவர். தேனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கை அதில் தமிழில் இருக்கிறது. இது என் இடைச்செருகல். நாடகம் பேசுவது, பதவிக்காக உடலிலும் உள்ளத்திலும் எதை அறுத்துக்கொடுத்தோம் என்பதை.

1988இல் வந்த, பூனையைத் தேடும் அம்மா நாடகம்தான் முக்கியமானது. அந்த அம்மாவுக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் தெரியும். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் மாண்டரினும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். அம்மாவோடு பேச அவர்களிடம் மொழி இல்லை. பூனையைத் தேடித் தெருவில் அலைகிறவள், தன் பூனையைத் தேடி அலையும் ஓர் இந்தியக் கிழவரைச் சந்திக்கிறாள். அவர் தமிழ் பேசுகிறார், இவள் ஹொக்கியன் பேசுகிறாள், இருவரும் கையைக் காலை ஆட்டி வாலையும் மீசையையும் வர்ணித்து, சொந்தப் பிள்ளைகளோடு முடியாத உரையாடலை நடத்தி முடிக்கிறார்கள்.

இந்தக் காட்சியை எந்த ஊரில் யார் போட்டாலும் தமிழ் பேசும் நடிகர் ஒருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்து ஒப்பேற்றினால் நாடகமே நடக்காது. இருபது வயது சீன இயக்குநர் ஒருவர் தமிழ்க் குழுவின் கதவைத் தட்ட வேண்டும். நம் ஆள் போய், ஒரு சொல்லும் புரியாத ஹொக்கியனைக் கேட்டபடி ஒத்திகையில் நிற்க வேண்டும். ஹொக்கியன் சரளமாக வரும் இளம் நடிகைகள் குறைந்துகொண்டே வருவதால் இப்போதெல்லாம் அம்மா வேடத்துக்குத்தான் ஆள் கிடைப்பது சிரமமாக இருக்கும் என்று தோன்றுகிறது. கிழவர் வேடத்துக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை.